பிரிட்டனின் தொடக்ககால மீயொலிப் போர்விமானங்கள் என்ன ஆயின?

அமெரிக்காவின் பெல் எக்ஸ்-1க்கு முன்பே ஒலியின் வேகத்தைக் கடந்திருக்கக்கூடிய விமானம் ஒன்றை பிரிட்டன் பாதியில் கைவிட்டது என்கிறார்களே, அது உண்மையா, அதன் பிறகு அங்கே உருவான ஜெட் போர்விமான முன்மாதிரிகள் எல்லாம் எங்கே போயின என்பது கேள்வி. முதல் பகுதிக்குப் பதில் ‘ஆம், ஆனால்’ என்றுதான் தொடங்க வேண்டும். இரண்டாம் பகுதிக்குப் பதில் கொஞ்சம் நீளும். விபத்தில் நொறுங்கியவை உண்டு, அருங்காட்சியகத்தில் நிற்பவை உண்டு, இறக்கை மாற்றி வேறு பெயரில் பறந்தவையும் உண்டு. ஆனால் இவற்றின் தலைவிதியை நிர்ணயித்தவை பெரும்பாலும் லண்டனில் எடுக்கப்பட்ட இரண்டு முடிவுகள் என்பது என் கணிப்பு. முதலாவது 1946 பிப்ரவரியிலும் இரண்டாவது 1957 ஏப்ரலிலும் எடுக்கப்பட்டன.

அதற்குள் போவதற்கு முன், சிக்கல் எங்கே இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். கடல் மட்டத்தில் ஒலியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 1,225 கிலோமீட்டர். குளிர்ந்த காற்றில் அது குறையும் என்பதால் 36,000 அடி உயரத்தில் 1,060 கிலோமீட்டர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அந்த இடத்தின் ஒலிவேகத்தோடு விமானத்தின் வேகத்தை ஒப்பிட்டுச் சொல்வதுதான் மாக் எண். விமானம் மாக் 1ஐ எட்டுவதற்கு முன்பே இறக்கையின் மேற்பரப்பில் வளைந்து ஓடும் காற்று அந்த வேகத்தை எட்டிவிடும். அங்கே அதிர்ச்சி அலை தோன்றும். அலைக்குப் பின்னால் காற்றோட்டம் பரப்பைவிட்டுப் பிரிந்து குலையும். அன்றைய விமானங்களின் கிடைவால் அசையாமல் இருக்கும். அதன் பின்விளிம்பில் கீல் வைத்த சிறு பலகை மட்டும் மேலும் கீழும் அசைந்து மூக்கை ஏற்றும், இறக்கும். அதிர்ச்சி அலை அந்தக் கீலுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டால் பலகை செத்த காற்றில் ஆடும். விமானி தண்டை இரு கைகளாலும் இழுத்தாலும் மூக்கு நிமிராது. போர்க்காலத்தில் செங்குத்தாகப் பாய்ந்த விமானிகள் பலர் இப்படித்தான் மண்ணில் போய் விழுந்தார்கள். ஃபார்ன்பரோ ஆய்வு நிலையம் இதை அளப்பதற்காக ஸ்பிட்ஃபயர் விமானங்களையே செங்குத்தாகப் பாயவிட்டது. 1944 ஏப்ரலில் அப்படி ஒரு பாய்ச்சலில் மாக் 0.89க்கும் மேலே போனபோது விமானத்தின் முன்விசிறி முழுவதுமாகப் பிய்ந்து போயிற்று, விமானி மார்ட்டின்டேல் அதை மிதக்கவிட்டே ஓடுபாதைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

இந்தப் பின்னணியில், 1943 இலையுதிர்காலத்தில் பிரிட்டனின் விமான உற்பத்தி அமைச்சகம் இ.24/43 என்ற குறிப்பாணையை வெளியிட்டது. 36,000 அடி உயரத்தில், கிடைமட்டமாகப் பறந்து, மணிக்கு 1,000 மைல் வேகத்தை எட்ட வேண்டும்; அதாவது 1,600 கிலோமீட்டர், ஏறக்குறைய மாக் 1.5. அன்றைய வேகச் சாதனைகள் இதில் பாதியைக்கூட எட்டியிருக்கவில்லை. இந்தப் பணி ஒப்படைக்கப்பட்டதோ, ரெடிங் நகருக்கு அருகே வுட்லி என்ற இடத்தில் பயிற்சி விமானங்கள் செய்துகொண்டிருந்த மைல்ஸ் என்ற சிறிய நிறுவனத்திடம். பெரிய நிறுவனங்கள் எல்லாம் போருக்கான உற்பத்தியில் மூழ்கியிருந்த நேரம் அது.

மைல்ஸ் எம்.52 என்று பெயர் பெற்ற அந்த வடிவமைப்பை இன்று பார்த்தாலும் வியப்பாகத்தான் இருக்கிறது. துப்பாக்கிக் குண்டின் வடிவம் மீயொலி வேகத்தில் நிலையாகப் போகிறது என்பது தெரிந்த செய்தி. ஆகவே உடல் குண்டைப் போலவே அமைந்தது. கூர்மையான கூம்பு மூக்குதான் விமானியின் அறை. ஆபத்து வந்தால் வெடிமருந்தின் உந்துதலால் அந்த அறை மட்டும் உடலிலிருந்து பிரிந்து விழும். வேகம் தணிந்ததும் விமானி அதிலிருந்து பாராசூட்டில் குதிக்கலாம். இறக்கைகள் மிக மெல்லியவை, முன்விளிம்பும் பின்விளிம்பும் கத்திபோல் கூரானவை. அந்த வகை இறக்கை குறைந்த வேகத்தில் தரையிறங்கத் தாங்குமா என்று பார்க்க, மரத்தில் அதே வடிவில் செய்து ஃபால்கன் என்ற தங்கள் சிறு விமானம் ஒன்றில் பொருத்திப் பறக்கவிட்டார்கள். தொழிற்சாலைக்காரர்கள் அதற்குச் சவர பிளேடின் நினைவாக ‘ஜில்லெட் ஃபால்கன்’ என்று பெயர் சூட்டினார்கள். இயந்திரம், பிரிட்டனின் ஜெட் இயந்திர முன்னோடி ஃப்ராங்க் விட்டிலின் டபிள்யூ.2/700, வெளியேறும் சூடான காற்றில் மீண்டும் எரிபொருளைத் தெளித்து எரிக்கும் ஆஃப்டர்பர்னரும் அதனுடன் திட்டமிடப்பட்டது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வால். கீல் வைத்த பலகையை விட்டுவிட்டு, கிடைவால் முழுவதையுமே அசையச் செய்தார்கள். அதிர்ச்சி அலை எங்கே உட்கார்ந்தாலும் முழுப் பரப்பும் கோணம் மாறும்போது மூக்கு கட்டாயம் அசைந்தே தீரும். இதையும் காகிதத்தில் விட்டுவிடாமல் ஒரு ஸ்பிட்ஃபயரில் பொருத்திச் சோதித்தார்கள். எம்.52ஐ ஓட்டுவதற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட கடற்படை விமானி எரிக் பிரவுன் அந்தச் சோதனைகளில் பறந்தவர். இன்று உலகில் எந்த மீயொலிப் போர்விமானத்தை அருகில் நின்று பார்த்தாலும், வால் இருக்குமானால் அது முழுதாக அசையும் வாலாகவே இருக்கும்.

1946 பிப்ரவரியில் திட்டம் கைவிடப்பட்டது. முதல் விமானத்தின் பெரும்பகுதி வேலை அதற்குள் முடிந்திருந்தது. வழங்கல் அமைச்சகத்தின் அறிவியல் துறைத் தலைவராக இருந்த பென் லாக்ஸ்பைசர் எடுத்த முடிவு அது. பொதுமக்களுக்கு அதே ஆண்டின் கோடைக்காலத்தில்தான் தெரியவந்தது. மனிதனை ஏற்றி அந்த வேகத்தில் பறக்கவிடுவது மிகவும் ஆபத்து என்பது வெளியில் சொல்லப்பட்ட காரணம். போர் முடிந்து கருவூலம் காலியாக இருந்ததும், கைப்பற்றிய ஜெர்மானிய ஆவணங்கள் பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையே வழி என்று காட்டியதால் எம்.52இன் நேர்இறக்கைமீது ஐயம் எழுந்ததும், விட்டில் தன் நிறுவனத்திலிருந்து விலகிய குழப்பமும் சேர்ந்தே அந்த முடிவை உருவாக்கின என்று நான் கருதுகிறேன். ஆபத்து என்ற காரணத்தைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் ஆபத்தைத் தவிர்க்கும் வழியை ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருந்தவர்களிடம் போய் ஆபத்து என்று சொன்னதுதான் கசப்பு.

ஆளில்லா மாதிரிகளை வைத்து ஆய்வைத் தொடரலாம் என்று முடிவாயிற்று. எம்.52இன் வடிவத்தையே பத்தில் மூன்று பங்கு அளவுக்குச் சுருக்கி, ராக்கெட் பொருத்தி, மாஸ்கிட்டோ விமானத்தின் வயிற்றிலிருந்து கடலுக்கு மேல் ஏவும் பொறுப்பு விக்கர்ஸ் நிறுவனத்தில் பார்ன்ஸ் வாலிஸின் குழுவுக்குப் போனது. 1947 அக்டோபர் தொடக்கத்தில் ஏவியபோது ராக்கெட் வெடித்துச் சிதறியது. சில நாள்களில், அக்டோபர் 14 அன்று, கலிஃபோர்னியப் பாலைவனத்தின் மேல் அமெரிக்க விமானி சக் யேகர் எக்ஸ்-1இல் மாக் 1ஐக் கடந்துவிட்டார். ஓராண்டு கழித்து, 1948 அக்டோபரில் ஏவிய மாதிரி மாக் 1.38 வேகத்தில் நேராகவும் நிலையாகவும் பறந்தது. சோதனை முடிந்ததும் அது கடலில் பாய்ந்து மூழ்கியிருக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் அட்லான்டிக்கை நோக்கிப் போய்க்கொண்டே இருந்து ரேடாரின் பார்வையிலிருந்து மறைந்தது. அந்த ஒரு வெற்றியோடு மாதிரித் திட்டமும் மூடப்பட்டது. கைவிட்ட வடிவமைப்பு சரியானதுதான் என்று நிரூபிப்பதற்கு இவ்வளவு செலவு செய்த அமைச்சகம் வேறு எங்காவது இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

எக்ஸ்-1இன் வால் எம்.52இலிருந்து போனதா என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. 1944இல் பெல் நிறுவனத்தினர் வுட்லிக்கு வந்து விவரங்களைப் பார்த்தார்கள் என்பதும், பதிலுக்கு அமெரிக்காவிலிருந்து விவரம் வரவில்லை என்பதும் மைல்ஸ் தரப்பினர் கடைசிவரை சொல்லிவந்த குறை. எக்ஸ்-1இல் இருந்தது கீல்பலகையோடு கூடிய, விமானி சிறிது சிறிதாகக் கோணம் மாற்றக்கூடிய கிடைவால். அமெரிக்க ஆய்வாளர்களும் அந்த வழியைத் தனியாகவே யோசித்துக்கொண்டிருந்தார்கள். எனவே திருட்டு என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. ராக்கெட் இயந்திரம் வைத்து, பெரிய குண்டுவீச்சு விமானத்திலிருந்து கழற்றிவிடப்பட்ட எக்ஸ்-1ஐவிட, ஓடுபாதையிலிருந்து தானே எழும்பும் ஜெட் விமானமாக வரையப்பட்ட எம்.52 வேறு வகையானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எம்.52 குறித்த நேரத்தில் பறந்திருந்தால் மாக் 1.5ஐ எட்டியிருக்குமா என்பதற்கு அந்த இயந்திரம்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும். அது முழு வடிவில் ஒருநாளும் ஓடவில்லை. கேள்விக்கு ‘ஆனால்’ சேர்த்ததற்குக் காரணம் இதுதான்.

எம்.52 நிறுத்தப்பட்ட சில மாதங்களில் டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் டி.எச்.108 பறந்தது. வாம்பயர் போர்விமானத்தின் உடலில் பின்சாய்ந்த இறக்கையைப் பொருத்தி, கிடைவாலே இல்லாமல் செய்த ஆய்வு விமானம். மனித உயிருக்கு ஆபத்து என்று ஒன்றை நிறுத்திய அதே ஆண்டில், வாலில்லாத இன்னொன்றை ஒலிவேகத்தின் விளிம்புக்கு அனுப்பினார்கள். மொத்தம் 3 விமானங்கள் கட்டப்பட்டன, மூன்றும் விழுந்தன, மூன்றிலும் விமானி இறந்தார்.

முதலில் போனது இரண்டாம் விமானம். 1946 செப்டம்பர் 27 அன்று, உலக வேகச் சாதனைக்கான ஒத்திகையாக தேம்ஸ் கழிமுகத்தின் மேல் நிறுவனத் தலைவரின் மகன் ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் அதைப் பாயவிட்டபோது, மூக்கு மிக விரைவாக மேலும் கீழும் துள்ளத் தொடங்கி, இறக்கைகள் முறிந்தன. அவர் கழுத்து முறிந்து இறந்திருந்தார். துள்ளலில் தலை கூண்டின் கண்ணாடியில் மோதியதே காரணம் என்று தெரிந்தது. பின்னர் அதே வகை விமானத்தை அதே நிலைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தவர் எரிக் பிரவுன். அவருக்கும் அதே துள்ளல் வந்தது. இருக்கையைத் தாழ்த்தி வைத்திருந்ததோடு ஆள் குட்டையாகவும் இருந்ததால் தலை மோதவில்லை, உயிரோடு திரும்பினார். மூன்றாம் விமானத்தில் ஜான் டெரி 1948 செப்டம்பரில் 40,000 அடியிலிருந்து 30,000 அடிக்குப் பாய்ந்து, கட்டுப்பாட்டை ஏறக்குறைய இழந்த நிலையில், மாக் 1ஐக் கடந்தார் என்று கணக்கிடப்பட்டது. பிரிட்டிஷ் விமானம் ஒன்று ஒலியை விஞ்சிய முதல் நிகழ்ச்சி அதுவே. எஞ்சியிருந்த 2 விமானங்களும் 1950இல், பிப்ரவரியிலும் மே மாதத்திலுமாக, விழுந்து நொறுங்கின.

அடுத்த சில ஆண்டுகளில் வந்தவை பாய்ச்சலில் மட்டும் ஒலியை விஞ்சியவை. ஹாக்கர் ஹண்டரின் முன்மாதிரி 1951 ஜூலை 20 அன்று நெவில் டியூக்கின் கையில் பறந்தது. 1953 செப்டம்பரில் அதே விமானம், சிவப்பு வண்ணம் பூசிக்கொண்டு, மணிக்கு 1,171 கிலோமீட்டர் என்ற உலகச் சாதனையைச் செய்தது. அந்த மாதமே சூப்பர்மரீன் ஸ்விஃப்ட் லிபியாவின் சூட்டில் அதை முறியடித்தது. ஸ்விஃப்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உயரத்தில் ஆஃப்டர்பர்னர் பற்றவில்லை, வளைவுகளில் மூக்கு தானாக நிமிர்ந்தது, இடைமறிப்பு விமானமாக அது நிலைக்கவே இல்லை. அதன் மீயொலி வாரிசாக வரையப்பட்ட 545 என்ற விமானம் ஒரே ஒரு உடலாகக் கட்டப்பட்டு, ஒருநாளும் பறக்காமல், கிரான்ஃபீல்ட் கல்லூரியில் மாணவர்களின் பாடப்பொருளாகிப் பிறகு பழைய இரும்பாயிற்று.

ஹண்டருக்கும் அப்படி ஒரு வாரிசு இருந்தது. இறக்கையை 50 பாகை சாய்த்து, ஆஃப்டர்பர்னர் வைத்து, கிடைமட்டத்திலேயே ஒலியை விஞ்சும் பி.1083. 1953 கோடையில், முடிவடையும் தறுவாயில் அதை நிறுத்தினார்கள். ஆனால் அதன் உடல் வீணாகவில்லை: அதில் வழக்கமான ஹண்டர் இறக்கையைப் பொருத்தி, வலுவான ஏவான் இயந்திரத்தை வைத்து, பி.1099 என்று 1954 ஜனவரியில் பறக்கவிட்டார்கள். அதுதான் ஹண்டர் எஃப்.6 வகையின் முன்மாதிரி. இந்திய விமானப்படை வாங்கிய ஹண்டர்கள் அந்த எஃப்.6 வழி வந்தவை. 1971 டிசம்பரில் லோங்கேவாலா மணல்வெளியில் பாகிஸ்தானின் டாங்கிகளை நொறுக்கிய விமானங்களின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், கைவிடப்பட்ட ஒரு மீயொலி முன்மாதிரியின் உடற்கூட்டில் போய் முடியும்.

டி ஹாவிலண்டின் டி.எச்.110 இரட்டை இயந்திர, இருவர் அமரும், இரட்டை வால்தண்டு கொண்ட பெரிய விமானம். 1952 ஏப்ரலில் பாய்ச்சலில் ஒலியை விஞ்சியது. அந்த ஆண்டு ஃபார்ன்பரோ விமானக் காட்சிக்கு மக்கள் வந்ததே, ஒலியை விஞ்சும் விமானம் எழுப்பும் வெடியோசையான ஒலிவெடிப்பைக் கேட்கத்தான். செப்டம்பர் 6 சனிக்கிழமை, காட்ட வேண்டிய விமானம் பழுதாகிவிட்டதால், ஜான் டெரியும் அவருடன் பறக்கும் சோதனைப் பார்வையாளர் ஆண்டனி ரிச்சர்ட்ஸும் நிறுவனத்தின் தளமான ஹேட்ஃபீல்டுக்குப் போய் முதல் முன்மாதிரியை எடுத்துக்கொண்டு வந்தார்கள். உயரத்திலிருந்து பாய்ந்து ஒலிவெடிப்பை எழுப்பியபின், தாழ வந்து, கூட்டத்தை நோக்கி வளைந்து, மேலே நிமிர்த்தும் கணத்தில் வெளி இறக்கை முறிந்து ஒரு விநாடிக்குள் விமானம் துண்டு துண்டானது. இயந்திரங்களில் ஒன்று மேட்டில் நின்ற கூட்டத்தின் மேல் போய் விழுந்தது. பார்வையாளர்கள் 29 பேரும் விமானத்தில் இருந்த இருவரும் இறந்தார்கள். ஓடுபாதையைத் துப்புரவு செய்த சிறிது நேரத்தில் நெவில் டியூக் தன் ஹண்டரை எடுத்துக்கொண்டு மேலே போய், தன் முறைக்குரிய ஒலிவெடிப்பை எழுப்பிவிட்டு இறங்கினார். இன்றைய கண்ணுக்கு இது புரியாத காரியமாகத் தோன்றலாம். அன்றைய பிரிட்டன் அதைக் கடமை என்று பார்த்தது. விசாரணையில், வேகமான வளைவையும் உருட்டலையும் ஒருசேரத் தாங்க இறக்கையின் முன்விளிம்புக் கட்டமைப்புக்கு வலுப் போதவில்லை என்று தெரிந்தது. கட்டமைப்பை வலுப்படுத்தி, முழுதும் அசையும் வாலும் வைத்து, அதே வடிவமைப்பு பின்னாளில் கடற்படையின் சீ விக்ஸன் ஆனது.

கிடைமட்டத்தில் ஒலியை விஞ்சும் போர்விமானத்துக்கான ஆய்வை இ.ஆர்.103 என்ற பெயரில் அமைச்சகம் 1947இலேயே தொடங்கியிருந்தது. அதற்கு இரண்டு பதில்கள் வந்தன. ஒன்று இங்கிலிஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்திலிருந்து. அங்கே வடிவமைப்புத் தலைவர் பெட்டர். இறக்கையை 60 பாகை சாய்த்து, 2 இயந்திரங்களைப் பக்கவாட்டில் வைக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முகப்பின் பரப்பைக் குறைத்து, கிடைவாலை இறக்கையின் மட்டத்துக்கும் கீழே வைத்தார். ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்துக்கு இது பிடிக்கவில்லை. 50 பாகை போதும், வாலைச் செங்குத்துத் துடுப்பின் உச்சியில் வைக்க வேண்டும் என்றார்கள். வாதத்தைத் தீர்ப்பதற்காக ஷார்ட் நிறுவனத்திடம் சொல்லி எஸ்.பி.5 என்ற குறைவேக விமானத்தையே கட்டினார்கள்: அதில் இறக்கையை 50, 60, 69 பாகைக் கோணங்களில் மாற்றிப் பொருத்தலாம், வாலை மேலும் வைக்கலாம், கீழும் வைக்கலாம். 1952 டிசம்பரில் தொடங்கிய அந்தச் சோதனைகள் பெட்டர் வரைந்ததே சரி என்று காட்டின. மேலே வைத்த வால், மூக்கு நிமிரும்போது இறக்கையின் கலங்கிய காற்றுக்குள் மாட்டிக்கொள்ளும்; கீழே இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. பெட்டர் அதைப் பார்க்க அங்கே இருக்கவில்லை. 1950இலேயே மனத்தாங்கலோடு விலகி ஃபாலண்ட் நிறுவனத்துக்குப் போய்விட்டார். அங்கே அவர் வரைந்த சின்னஞ்சிறு நாட் விமானம்தான் 1965 போரில் இந்தியாவில் பெயர் வாங்கி, பெங்களூரில் உற்பத்தியாகி, பின்பு அஜீத் ஆயிற்று.

பெட்டருக்குப் பின் ஃப்ரெடி பேஜ் முடித்துக் கொடுத்த பி.1, 1954 ஆகஸ்ட் 4 அன்று பாஸ்கம் டவுன் சோதனை விமானத்தளத்தில் ரோலண்ட் பீமாண்ட் ஓட்ட முதன்முதலாகப் பறந்தது. ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 11 அன்று, ஆஃப்டர்பர்னர்கூட இல்லாமல், கிடைமட்டத்தில் மாக் 1ஐக் கடந்துவிட்டது. பிரிட்டனில் அதுவரை எதுவும் செய்யாத காரியம். எம்.52 நிறுத்தப்பட்டு எட்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன. முழுதும் அசையும் வால் பி.1இலும் இருந்தது.

இ.ஆர்.103க்கான இன்னொரு பதில் ஃபேரி டெல்டா 2. ஒல்லியான உடல், 60 பாகைச் சாய்வுள்ள முக்கோண இறக்கை, வால் கிடையாது. நீண்ட மூக்கு தரையிறங்கும்போது பார்வையை மறைப்பதால், விமானியின் அறையோடு சேர்த்து மூக்கையே 10 பாகை தாழ்த்தும் ஏற்பாடு. 1954 அக்டோபர் 6 அன்று பீட்டர் ட்விஸ் அதைப் பறக்கவிட்டார். ஆறு வாரம் கழித்து, நவம்பர் 17 அன்று, பாஸ்கம் டவுனிலிருந்து 30 மைல் தள்ளி, 30,000 அடி உயரத்தில் இயந்திரம் நின்றுபோனது. உடலுக்குள் தேங்கிய காற்றழுத்தம் எரிபொருள் சேகரிப்புத் தொட்டியை நசுக்கிவிட்டதால் எரிபொருள் வரத்து அறுந்திருந்தது. இந்த விமானத்தின் கட்டுப்பாடுகள் முழுக்க ஹைட்ராலிக் அழுத்தத்தால் இயங்குபவை; அழுத்தத்தைத் தரும் பம்பை ஓட்டுவது இயந்திரம். கையிருப்பில் உள்ள அழுத்தம் தீர்ந்தால் தண்டு வெறும் குச்சி. வெளியே குதிக்காமல், முகிலுக்குள் இறங்கி, 2,500 அடியில் வெளியே வந்து, ஓடுபாதையைப் பிடித்தார் ட்விஸ். சக்கரங்களில் மூக்குச் சக்கரம் மட்டுமே கீழே வந்தது. மிச்சமெல்லாம் வயிற்றாலேயே சறுக்கல். நான் படித்த தரையிறக்கங்களில் இதற்கு இணையாக ஒன்றிரண்டைத்தான் சொல்ல முடியும். விமானம் பழுது பார்க்கப்பட்டு மீண்டும் எழும்ப 1955 ஆகஸ்ட் ஆயிற்று.

அடுத்த ஆண்டு, 1956 மார்ச் 10, அதே விமானம், அதே விமானி. சசெக்ஸ் கடற்கரையில் ஃபோர்டுக்கும் சிசெஸ்டருக்கும் இடையே, 38,000 அடியில், இரு திசைகளிலும் ஓடி எடுத்த சராசரி மணிக்கு 1,132 மைல், 1,822 கிலோமீட்டர். அதற்கு முன்பிருந்த அமெரிக்கச் சாதனையைவிட 310 மைல் கூடுதல், ஒரே தாவலில். மணிக்கு ஆயிரம் மைலைத் தாண்டிய முதல் உலகச் சாதனை. எம்.52க்குக் கேட்கப்பட்ட அந்த எண்தான் இது என்பதை கவனிக்க வேண்டும். இந்தச் சாதனை முயற்சியை அரசு ஊக்குவிக்கவில்லை. நிறுவனம் தன் செலவில், ரகசியமாகச் செய்தது. கீழே இருந்தவர்களுக்கு அது ஒலிவெடிப்பாக மட்டுமே தெரிந்தது. கண்ணாடிப் பசுங்குடில் வைத்திருந்தவர்கள் இழப்பீடு கேட்டார்கள். தாழ்வான உயரத்தில் மீயொலிச் சோதனைக்கு உள்நாட்டில் அனுமதி கிடைக்காததால், அந்த ஆண்டின் இறுதியில் விமானத்தை பிரான்ஸின் காசோ தளத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தாசோ நிறுவனத்தார் பார்த்துத்தான் மிராஜ் செய்தார்கள் என்று பிரிட்டனில் சிலர் எழுதுவதுண்டு. தேதிகள் அதற்கு இடம் தரவில்லை: தாசோவின் முதல் முக்கோண இறக்கை விமானம் 1955 ஜூனிலேயே பறந்துவிட்டது, மிராஜ் III 1956 நவம்பரில் பறந்தது. ஒரு மாதம் பார்த்து ஒரு விமானம் கட்டிவிட முடியாது. தங்கள் வழி சரிதான் என்ற தெம்பு வேண்டுமானால் கிடைத்திருக்கலாம்.

ஃபேரி இந்த அனுபவத்தை வைத்து அடுத்த பெரிய இடைமறிப்பு விமானத்துக்கான போட்டியில் முன்னணியில் நின்றபோதுதான் இரண்டாவது முடிவு வந்தது. 1957 ஏப்ரல் 4 அன்று பாதுகாப்பு அமைச்சர் டங்கன் சாண்டிஸின் வெள்ளை அறிக்கை வெளியாயிற்று: இனி வானைக் காக்கப்போவது ஏவுகணைகள், மனிதன் ஓட்டும் புதிய போர்விமானங்கள் தேவையில்லை. ஹைட்ரஜன் குண்டு வந்துவிட்ட உலகில், சூயஸ் தோல்விக்குப் பின் கையில் பணமில்லாத நாடு அப்படி யோசித்ததில் ஒரு தர்க்கம் உண்டு. அதே நாளில், லங்காஷயரில், ஏவான் இயந்திரங்களும் மூக்குக்கூம்பில் ரேடாரும் கொண்ட பி.1பி முதன்முறையாக வானில் ஏறியது. அது நிறுத்த முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டது என்பதாலேயே தப்பித்தது. 1958 நவம்பர் 25 அன்று பீமாண்ட் அதில் மாக் 2ஐ எட்டினார். லைட்னிங் என்ற பெயரில் 1960இல் படையில் சேர்ந்து, 1988 வரை பறந்தது.

தப்பாதவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது சாண்டர்ஸ்-ரோ எஸ்.ஆர்.53. மேலேறுவதற்கு ராக்கெட், வீடு திரும்ப சிறிய ஜெட் என்று இரண்டையும் வைத்த விமானம். ராக்கெட்டுக்கு அடர்த்தியான ஹைட்ரஜன் பெராக்சைடும் மண்ணெண்ணெயும். அந்தப் பெராக்சைடு துணியிலோ தோலிலோ பட்டால் பற்றிக்கொள்ளும் தன்மையது. எரிபொருள் நிரப்புபவர்கள் தலை முதல் கால்வரை மூடிய உடையோடும், அருகில் தண்ணீர்க்குழாயோடும் வேலை செய்ய வேண்டும். வெள்ளை அறிக்கைக்கு ஆறு வாரம் கழித்து, 1957 மே 16 அன்று, ஜான் பூத் அதை முதன்முதலாக ஓட்டினார். இரண்டாம் முன்மாதிரி 1958 ஜூனில் ஓடுபாதையைத் தாண்டிப்போய் விளக்குக் கம்பத்தில் மோதி வெடித்ததில் அவர் இறந்தார். இதன் பெரிய வடிவமான எஸ்.ஆர்.177ஐ மேற்கு ஜெர்மனி வாங்கும் என்ற நம்பிக்கை கொஞ்சக் காலம் இருந்தது. ஜெர்மனி லாக்ஹீடின் ஸ்டார்ஃபைட்டரைத் தேர்ந்தெடுத்தது. ஹாக்கர் தன் சொந்தப் பணத்தில் கட்டிக்கொண்டிருந்த பி.1121 என்ற மாக் 2 போர்விமானமும் வாங்குவோர் இல்லாமல் 1958இல் பாதியில் நின்றது. வடிவமைப்பாளர் சிட்னி காம் மனத்தைத் தேற்றிக்கொண்டு செங்குத்தாக எழும்பும் பி.1127 பக்கம் திரும்பினார், அது ஹாரியர் ஆயிற்று. துருப்பிடிக்காத எஃகில் கட்டிய பிரிஸ்டல் 188ஐயும் சிலர் இந்த வரிசையில் சேர்ப்பார்கள். அது போர்விமானம் அல்ல, வெப்பத்தை ஆராயக் கட்டியது. 1962இல் பறந்து, ஆராய வேண்டிய வேகத்தில் நிலைத்து நிற்க எரிபொருள் போதாமல், மாக் 1.88ஓடு ஓய்ந்தது.

இவற்றை நேரில் பார்க்க விரும்புபவர்கள் இங்கிலாந்தில் காஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்துக்குப் போகலாம். கிடைமட்டத்தில் முதலில் ஒலியை விஞ்சிய பி.1, ஃபேரியின் இரண்டாம் டெல்டா, எஞ்சிய எஸ்.ஆர்.53, ஒரு பிரிஸ்டல் 188 எல்லாம் அங்கே சேர்ந்திருக்கின்றன. எம்.52க்கு மிஞ்சியது படங்களும் ஆவணங்களும்தான். சாதனை படைத்த ஃபேரி டெல்டாவைக் காஸ்ஃபோர்டில் தேடினால் கிடைக்காது. கான்கார்டு என்ற மீயொலிப் பயணியர் விமானத்துக்காக வரையப்பட்ட வளைந்த இறக்கையை அதிக வேகத்தில் சோதிக்க ஒரு விமானம் தேவைப்பட்டபோது, ட்விஸின் அந்த விமானத்தை எடுத்து, இறக்கையைக் கழற்றி, உடலை நீட்டி, பி.ஏ.சி.221 என்ற புதிய பெயரில் 1964 மே 1 அன்று மீண்டும் பறக்கவிட்டார்கள். அது இப்போது யோவில்டனில் கடற்படை விமான அருங்காட்சியகத்தில், பிரிட்டனில் கட்டிய முதல் கான்கார்டு நிற்கும் அதே கூடத்தில் இருக்கிறது. தாழும் மூக்கு இரண்டுக்கும் உண்டு.